இரண்டெழுத்து

பத்தூமி துறைமுகத்தில் மழை கடைசியாக எப்போது விட்டது என்று
யாருக்கும் நினைவில்லை.
மூன்றாம் மாடியில் இரவுப் பணிக்கு
லமாரா வந்து பதினொரு வாரம்.
கறுப்புத் திரை. மவுஸ் கிடையாது.
எதையும் தட்டித்தான் கேட்கவேண்டும்.

அவளுக்கு முன் இங்கே இருந்த ஓத்தார்
போலந்தில் லாரி ஓட்டப் போய்விட்டான்.
விட்டுப்போனவை இரண்டு:
விளிம்பு உடைந்த ஒரு கோப்பை,
புள்ளியில் தொடங்கும் ஒரு கோப்பு.

முன்னால் புள்ளி வைத்த பெயர்கள்
பட்டியலில் வருவதில்லை.
தமிழில் எழுத்தின் தலையில் உட்கார்ந்து
அரை மாத்திரைக்கு அதை அடக்கும் அதே புள்ளி
இங்கே கோப்பையே மறைத்துவிடுகிறது.

திறந்தாள். நூற்று நாற்பது வரிகள்.
இடப்பக்கம் அவன் வைத்த செல்லப்பெயர்,
வலப்பக்கம் மூச்சு முட்டும் நீளத்தில் கட்டளை,
நடுவில் ஒரு சமக்குறி.
'காற்று' என்றால்
அலைத்தடுப்பு முனையில் சுழலும் கருவியின் கடைசி ஆறு அளவுகள்.
'ஸ்ஸ்' என்றால் எச்சரிக்கை மணி வாயை மூடும்.
'போதும்' என்றால்
பதிவேட்டை எழுதி, ஜன்னல்களைச் சாத்தி, திரையைப் பூட்டிவிடும்.

கிரெப்பை அவசரத்தில் கெர்ப் என்று அடிப்பான் போலிருக்கிறது.
கெர்ப்புக்கும் ஒரு வரி.
விசைப்பலகை ஜார்ஜிய எழுத்தில் இருப்பதை மறந்து
எல்.எஸ் தட்டினால் திரையில் விழுவது
வளைந்து வளைந்து லாஸ், சான்.
அந்த இரண்டெழுத்துக்கும் அதே பொருளைக் கொடுத்திருந்தான்.
விரலைத் திருத்தவில்லை அவன்,
அகராதியைத் திருத்தியிருக்கிறான்.

அப்புறம் ஆர்.எம்.
அழி என்று பொருள். கேள்வி கேட்காத சாதி அது.
அதையும் கேட்கப் பழக்கியிருந்தான்,
ஒவ்வொரு கோப்பிலும் நின்று
'அழிக்கவா?' என்று.
பக்கத்தில் ஒரு பிப்ரவரித் தேதி மட்டும்.
அன்று என்ன போயிற்று என்று எழுதவில்லை.

அவளுக்கும் பழகிவிட்டது.
எல்லாம் என்று பொருள்படும் நட்சத்திரத்தைப் போட்டுவிட்டு
அது கேட்கிறபோது யோசிப்பாள்:
இது வேண்டும், இது வேண்டாம்.

மே மாதம் புது மெஷின் வந்தது.
புயல் இரவு, மணி மூன்று,
இழுவைப் படகிலிருந்து நுக்சார் கத்துகிறான்,
'அடுத்து எந்தக் கப்பல், லமாரா?'
பழைய காகிதத்தை ஒதுக்குகிறமாதிரி
ஆர்.எம், ஓர் இடைவெளி, நட்சத்திரம்.
கேள்விக்குக் காத்திருந்தாள்.

கர்சர் அடுத்த வரிக்கு இறங்கி
மினுக்கிக்கொண்டிருந்தது.
அவ்வளவுதான்.
முப்பத்தொரு கப்பல்களின் வரிசை.

போஸ்னானுக்கு வெளியே ஏதோ லாரிப் பேட்டையில்
ஓத்தார் போனை எடுத்தான்.
'எந்த மெஷினில்?'
சொன்னாள்.
வைப்பர் ஓடும் சத்தம்.
'அதில் நான் இல்லையே' என்றான்.

விடியும்வரை ரேடியோவில்
கப்பல் கப்பலாகக் கூப்பிட்டுக் கேட்டாள்:
நீ யார், எங்கிருந்து, எப்போது வந்தாய்.
சிலர் சிரித்தார்கள். பனாமாக் கொடி கட்டிய ஒருவன் திட்டினான்.
இருபத்தெட்டு திரும்பக் கிடைத்தன.
மீதி மூன்றும் காலையில் கண்ணால் பார்த்து.

அன்று ஆர்.எம்மை அவள் தொடவில்லை.
அது அதன் குணத்தோடே கிடக்கட்டும்.
கேட்டு அழிக்கிற கட்டளைக்கு வேறு பெயர் வைத்தாள்.
அவள் மொழியில் ஒரே மூச்சில் ஆறு மெய் உருளும் சொல்,
நம் மொழியில் 'பார்த்து'.

மறுநாள் இரவு தட்டினாள்.
அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது மெஷின்.
ஜன்னலில் சொன்னது
ஜன்னலை மூடினால் போய்விடும்;
எழுதிவைக்கவில்லையே.

புள்ளி வைத்து ஒரு கோப்பைத் தொடங்கினாள்.
முதல் வரி.
ஏறியதா என்று தேடிப் பார்க்கப்போனவள்
கெர்ப் என்று அடித்தாள்.
ஓத்தாரின் பிழை, எப்போது இந்த விரலுக்கு வந்ததோ.

அதற்கும் ஒரு வரி.